செய்கூலி திரும்பி வரும் கார்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்கட்டுதான் அப்பாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பழைய கொலுசை எடுத்துக்கொண்டு தெரிந்தவர்கள் யாராவது வந்தால், அவர் எடை பார்ப்பார், டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்ப்பார், பற்றவைத்த இடங்களுக்கும் அழுக்குக்கும் கழிவு போடுவார், மீதியை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கித் தொகையைச் சொல்வார். வாங்கியபோது கொடுத்த செய்கூலி என்னவாயிற்று என்று அவர்கள் கேட்டால், "செய்கூலி திரும்பி வராது கண்ணு, அது செஞ்சவனுக்குப் போயிடுச்சு" என்பார். கம்பி இழுத்தவர், சங்கிலி கோத்தவர், பற்றவைத்தவர், மெருகு போட்டவர் என்று நான்கைந்து வீடுகளின் உழைப்பு சேர்ந்து உருவான ஒரு பொருள், விற்க வரும்போது வெறும் உலோகமாகிவிடுகிறது. சிறு வயதிலிருந்தே எனக்கு அது உறுத்தலாக இருந்திருக்கிறது.

2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில் ஒரு மெக்லாரன் எஃப்1 கார் 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு, நம் பணத்தில் ஏறத்தாழ 150 கோடி ரூபாய்க்கு, விலைபோன செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அப்பாவின் அந்த வாக்கியம்தான். 1990களில் அந்தக் கார் புதிதாக விற்கப்பட்டபோது, இங்கிலாந்தில் வரி சேர்த்து அதன் விலை ஆறு லட்சம் பவுண்டை ஒட்டி இருந்தது. உள்ளே இருக்கும் அலுமினியத்தையும் கார்பன் இழையையும் தோலையும் எடைக்குப் போட்டால் கிடைக்கும் தொகை, இந்த விலைக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை. அதாவது ஏலத்தில் கொடுக்கப்பட்டது அனேகமாக முழுவதும் செய்கூலி; அதுவும் திரும்பி வந்ததோடு நிற்காமல் பல மடங்காகப் பெருகி வந்த செய்கூலி. ஹைப்பர் கார்கள் எனப்படும், குறைந்த எண்ணிக்கையில் கட்டப்படும் அதிவேகக் கார்களைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நான் தேடித் தேடிப் படிப்பதற்கு, வேகத்தைவிட இந்தப் புதிரே பெரிய காரணம்.

வேகமும் ஒரு காரணம்தான். அதை மறுக்க மாட்டேன். பள்ளி நாட்களில் எங்கள் தெருவில் கார் படம் போட்ட ட்ரம்ப் கார்டு விளையாடாத பையன் கிடையாது. மெக்லாரன் எஃப்1 சீட்டு யார் கைக்கு வந்ததோ அவன் 'வேகம்' என்று கேட்டால் போதும், மற்றவர்களின் சீட்டுகள் அவனிடம் போய்விடும். ஓட்டுநர் நடுவிலும், பயணிகள் இருவர் சற்றுப் பின்தள்ளி இருபுறமும் அமரும் கார் அது என்பதெல்லாம் அப்போது தெரியாது. பின்னாளில் தெரியவந்தபோது, அதை வடிவமைத்த கார்டன் மர்ரே என்ற மனிதர் மீது எனக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து, ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களை வடிவமைத்துப் பெயர்பெற்ற அவர், சாலையில் ஓடும் காருக்கும் அதே கண்டிப்பைக் கொண்டுவந்தார். உடல்கூடு முழுவதும் கார்பன் இழை. பிஎம்டபிள்யூவின் பால் ரோஷ் குழுவினர் இதற்கென்றே செய்து கொடுத்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். திறன் 627 குதிரை. பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. மொத்த எடை 1,138 கிலோ.

அந்த எஞ்சின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். பகட்டுக்காக அல்ல, வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்புவதில் தங்கத்துக்கு நிகரான உலோகம் அரிது என்பதால், கார்பன் உடலை எஞ்சினின் சூட்டிலிருந்து காக்க அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு காருக்குச் சுமார் 16 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுன். நகைத் தொழில் செய்யும் வீட்டில் பிறந்தவனுக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்லிப் புரியவைப்பது கடினம். நாங்கள் தங்கத்தைப் பிறர் கண்ணில் படும் இடத்தில் வைக்கத்தான் கற்றிருக்கிறோம். அவர்கள் அதை மூடிக்கு அடியில், வேலை செய்யும் இடத்தில் வைத்தார்கள்.

மெக்லாரன் எஃப்1 மொத்தம் 106 மட்டுமே கட்டப்பட்டது என்பதைப் பலரும் அதன் மதிப்புக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த எண்ணை யாரும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. 300 வரை கட்டலாம் என்று திட்டமிட்டார்கள், உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த காலம், வாங்க ஆள் வரவில்லை, 1998-இல் நிறுத்திக்கொண்டார்கள். இடையில் 1995-இல் இதே காரின் பந்தய வடிவம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோதும் விற்பனை பெருகவில்லை. வாங்குவதற்கு வாய்ப்பிருந்த காலத்தில் உலகம் வேண்டாம் என்று சொன்ன காரைத்தான் இன்று 150 கோடி கொடுத்து வாங்குகிறார்கள்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. எத்தோரே புகாட்டி 1920களின் இறுதியில் அரசர்களுக்கென்று ராயல் என்ற 12.7 லிட்டர் எஞ்சின் கொண்ட காரைக் கட்டத் தொடங்கியபோது, 25 கார்கள் செய்வது அவருடைய எண்ணம். பொருளாதார மந்தம் வந்தது. வாடிக்கையாளர்களுக்கு விற்றவை மூன்றே. மிஞ்சிய எஞ்சின்களை பிரான்சின் ரயில் கார்களில் பொருத்தினார்கள். ராயல் காரின் சேசிஸை வாங்கி, விரும்பிய பட்டறையில் மேல்கூடு கட்டிக்கொள்ளும் முறை அன்று இருந்தது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வாங்குகிறவர்கள் சேசிஸை ஓட்டி வந்து பாடி கட்டும் பட்டறையில் விடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது சிறிதும் அந்நியமான வழக்கமல்ல.

எண்ணிக்கையைக் குறைத்தாலே மதிப்பு வந்துவிடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு ஜாகுவார் எக்ஸ்ஜே220 போதும். 1988-இல் 12 சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்று காட்டி, ஐம்பதாயிரம் பவுண்டு முன்பணம் வாங்கினார்கள். வரிசையில் நின்றவர்களில் கணிசமானோர் காரை விரும்பியவர்கள் அல்லர். கைமாற்றி இலாபம் பார்க்க வந்தவர்கள். 1992-இல் கார் வந்தபோது அதில் இருந்தது, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இரண்டு கொண்ட 6 சிலிண்டர் எஞ்சின். நான்கு சக்கர இயக்கமும் இல்லை. அதற்குள் சந்தையும் விழுந்துவிட்டது. ஒப்பந்தத்திலிருந்து விடுபட நீதிமன்றம் வரை போனார்கள். முந்நூறுக்கும் குறைவாகவே கட்டப்பட்ட கார், அன்றைக்கு உலகிலேயே மிக வேகமான கார்களுள் ஒன்று, அப்படியிருந்தும் நெடுங்காலம் விலை ஏறாமல் கிடந்தது. அது நல்ல கார் என்பதே என் கருத்து. எண்ணிக்கையை நம்பி வந்த கூட்டம் எண்ணிக்கையோடு போய்விட்டது. காரின் உண்மையான தரத்தை உலகம் உணர அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

எண்ணிக்கையைக் கருவியாகக் கையாள்வதில் ஃபெராரிக்கு இணை யாரும் இல்லை. சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகக் கட்ட வேண்டும் என்பது அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரின் கொள்கையாகவே சொல்லப்படுகிறது. அவர் பெயரையே தாங்கிய என்ஸோ காரை 2002-இல் அறிவித்தபோது முதலில் 349 என்றார்கள். வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று கண்டு ஐம்பதைச் சேர்த்து 399 ஆக்கினார்கள். அதன்பின் நானூறாவதாக ஒன்றைக் கட்டி, போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கார் 2005-இல் ஏலம் விடப்பட்டு, கிடைத்த பணம் சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சென்றது. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் 2004 டிசம்பரில் கண்ணீரோடு பார்த்த நமக்கு, வாக்கை மீறிக் கட்டப்பட்ட அந்த ஒரு காரின் மேல் வருத்தம் வர வாய்ப்பில்லை. மற்றபடி, பழைய ஃபெராரிகளை வைத்திருப்பவர்களை மட்டும் அழைத்துப் புதியதை விற்பது எனக்கு ஏற்புடைய பழக்கமாகத் தோன்றவில்லை. ஃபோர்டு நிறுவனமும் தன் புதிய ஜிடி காரை வாங்க விண்ணப்பம் போட வைத்து, இரண்டு ஆண்டுகள் விற்கக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியது. மீறி விற்ற மல்யுத்த வீரர் ஜான் சீனாவின் மேல் 2017-இல் வழக்குத் தொடுத்தது. விலையைக் காப்பதற்கு எடுத்துக்கொண்ட இந்தச் சிரத்தையைப் பார்க்கும்போது, காரைத் தவிர வேறு எதையோ விற்கிறார்கள் என்ற எண்ணம் எழுகிறது.

வேறொரு வகை எண்ணிக்கையும் உண்டு. பட்டறையின் கை எவ்வளவு எட்டுமோ அவ்வளவு. அர்ஜென்டினாவின் கசில்டா என்ற சிற்றூரிலிருந்து 1980களில் இத்தாலிக்கு வந்து லம்போர்கினியில் வேலைக்குச் சேர்ந்த ஒராசியோ பகானி, கார்பன் இழைப் பாகங்களை அழுத்தத்திலும் சூட்டிலும் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் உலை ஒன்றை வாங்கும்படி கேட்டாராம். ஃபெராரியிடமே அது இல்லாதபோது நமக்கெதற்கு என்று பதில் வந்தது. அவர் கடன் வாங்கித் தாமே ஓர் உலையை வாங்கினார். 1999-இல் ஜெனிவா கண்காட்சியில் அவருடைய முதல் காரான ஸோண்டா வெளிவந்தது. பகானி கார்களின் டைட்டானியத் திருகுகளில் ஒவ்வொன்றின் தலையிலும் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கார்பன் இழையைக் கையால் அடுக்கும்போது காரின் நடுக்கோட்டில் இடப்புற நெசவும் வலப்புற நெசவும் ஒன்றின் பிரதிபிம்பமாக மற்றொன்று வந்து சந்திக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு ஜோடிக் கொலுசில் இடது காலுக்கானதும் வலது காலுக்கானதும் மணிக்கு மணி ஒத்திருக்க வேண்டும் என்று அப்பா படும் பாட்டைப் பார்த்தவனுக்கு, இந்த வேலைக்கு ஆண்டுக்குச் சில பத்துக் கார்களுக்கு மேல் ஏன் வராது என்பது விளங்கும். அவருடைய ஊட்டோப்பியா காரில் கூரை மூடிய கூபே வகையில் 99 மட்டுமே என்ற எண் எனக்கு இயல்பானதாகப் படுகிறது.

எல்லாம் சிறு பட்டறைகளின் சாதனை என்று சொல்லிவிடவும் முடியாது. புகாட்டி வேரானை எடுத்துக்கொண்டால், அதன் பின்னால் ஃபோக்ஸ்வாகன் என்ற மாபெரும் நிறுவனமும், ஆயிரம் குதிரைத்திறனும் மணிக்கு 400 கிலோமீட்டரும் வேண்டும், அதே காரில் மாலையில் இசை நாடகத்துக்கும் போய்வர முடிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அதன் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக்கும் இருந்தார்கள். 8 லிட்டர், 16 சிலிண்டர், நான்கு டர்போ. சூட்டைத் தணிக்கப் பத்து ரேடியேட்டர். முழு வேகத்தில் ஓட்டினால் 100 லிட்டர் எரிபொருள் ஏறத்தாழ 12 நிமிடங்களில் தீர்ந்துவிடும். 2005 முதல் 2015 வரை 450 கார்கள் கட்டப்பட்டன. விற்ற விலையைவிடச் செய்த செலவே அதிகம் என்று கணித்தவர்கள் உண்டு. இலாபக் கணக்கில் நியாயப்படுத்த முடியாத இந்த வேலையைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 1998-இல் ஜெர்மனியின் ஏரா லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் மெக்லாரன் எஃப்1-ஐ மணிக்கு 386 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய ஆன்டி வாலஸ் என்ற அதே மனிதர், 2019-இல் அதே தடத்தில் வேரானின் வாரிசான சிரோனை 490 கிலோமீட்டரில் ஓட்டினார். டயர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே பொருத்தியிருந்தார்கள். இருபத்தோரு ஆண்டுகளில் கூடிய அந்த நூறு கிலோமீட்டர் யாருடைய அன்றாட வாழ்வுக்கும் தேவைப்படாது. ஆனால் ஒரு பொருளை அதன் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்க்க ஆசைப்படாத தொழிலாளியை நான் கண்டதில்லை.

மின்சாரக் கார்கள் வந்தபின் இந்த மதிப்பின் கணக்கு இன்னும் தெளிவாகிவிட்டது. குரோயேஷியாவின் ரிமாக் நெவேராவும், நம் மஹிந்திராவின் உடைமையான பினின்ஃபரீனா பத்திஸ்தாவும் 150 கார்கள் என்ற வரையறையோடு வந்தவை. இரண்டுமே 1,900 குதிரைத்திறனை ஒட்டியவை. முடுக்கத்தில் பழைய கார்கள் எதுவும் அருகில் வர முடியாது. ஆனாலும் பணம் படைத்தவர்களின் விருப்பம் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. மர்ரே மீண்டும் 12 சிலிண்டர் எஞ்சினும் கையால் கியர் மாற்றும் அமைப்பும் கொண்ட, ஆயிரம் கிலோவுக்கும் குறைவான டி.50 காரை 100 என்ற எண்ணிக்கையில் அறிவித்தவுடன் அவை விற்றுத் தீர்ந்தன. ரிமாக்கின் மேற்பார்வைக்கு வந்த புகாட்டியே, 2024-இல் அறிவித்த டூர்பியான் காரில் மின்மோட்டார்களோடு டர்போ இல்லாத 16 சிலிண்டர் எஞ்சினைச் சேர்த்து, வேகம் காட்டும் கருவியைச் சுவிட்சர்லாந்துக் கடிகாரக் கைவினைஞர்களிடம் கொடுத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாகங்களோடு செய்ய வைத்திருக்கிறது. திரையில் தெரியும் எண்ணை யாரும் நினைத்த நேரத்தில் மாற்றி எழுதலாம். பல்சக்கரத்தை அப்படி மாற்ற முடியாது.

நான் வருந்தும் இடம் ஒன்று உண்டு. 2021-இல் ஏலம் போன அந்த எஃப்1, கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் 400 கிலோமீட்டருக்கும் குறைவாகவே ஓடியிருந்தது. உச்ச விலைக்கு அதுவே ஒரு காரணம். இருக்கையின் மேல் போட்ட உறை கிழியாத காருக்குத்தான் அதிக விலை என்றால், மர்ரே எடையைக் கிராம் கிராமாகக் குறைத்தது எதற்காக? இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர், நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் மிஸ்டர் பீனாகத் தெரிந்த ரோவன் அட்கின்சன். 1997-இல் வாங்கிய எஃப்1-ஐக் கடைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஓட்டினார். இரண்டு முறை விபத்தில் சிக்கினார். 2011-இல் நடந்த இரண்டாவது விபத்துக்குப் பின் காரைச் சரிசெய்ய ஒன்பது லட்சம் பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. 60,000 கிலோமீட்டரைத் தாண்டிய அந்தக் காரை 2015-இல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். நொறுங்கிய கார் அந்த விலைக்குப் போனது, அதைப் பழையபடி கட்டத் தெரிந்தவர்கள் மெக்லாரனில் இன்னும் இருந்ததால்தான். எஃப்1 கார்களின் மின்னணுப் பகுதியோடு பேசுவதற்கென்று 1990களின் காம்பேக் மடிக்கணினிகளை அவர்கள் நெடுங்காலம் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அந்தக் கணினி இல்லாவிட்டால் கார் ஊமை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றபோது இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே போனேன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்து அடிவாரத்தை அடையும்வரை அவர் பேசவில்லை. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதிலோ எட்டாவதிலோ, இறங்கி வந்த பேருந்துக்கு வழிவிட ஓரமாக நிறுத்தினேன். இரண்டு மீட்டர் அகலமுள்ள வேரான் இந்த இடத்தில் திணறியிருக்கும், 1.82 மீட்டர் அகலமுள்ள எஃப்1 பதற்றமில்லாமல் ஒதுங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வெளிநாட்டிலிருந்து முழுதாக வரும் காருக்குக் கனத்த வரி, இடப்பக்க ஸ்டியரிங் என்றால் பதிவே பொதுவாகக் கிடையாது என்பதால் இவற்றில் பெரும்பாலானவை இந்தப் பாதையை ஒருபோதும் பார்க்கப்போவதில்லை.

அப்பா அப்போதுதான் கேட்டார், எடை என்ன என்று. 1,138 கிலோ என்றேன். ஏல விலையை எடையால் வகுத்துக் கைப்பேசியில் கணக்குப் போடச் சொன்னார். கிராமுக்கு ஏறத்தாழ 18 டாலர் வந்தது. கார் ஏலம் போன 2021 ஆகஸ்டின் வெள்ளி விலையைப் போல இருபது மடங்குக்கும் மேல். அப்போதைய தங்கத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவர் அதை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். விலையைப் பற்றி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஏரிக்கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த மடிக்கணினியை வைத்துக்கொண்டு பழுது பார்க்கிறவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டார். பிறகு, அவர்களிடம் வேலை பழகப் பையன்கள் வருகிறார்களா என்று கேட்டார். எங்கள் பட்டறையில் கடைசியாக ஒருவன் வேலை பழக வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.